தூரத்து ரோபோவை ஓட்டும் திரை: அதன் பயன்பாட்டு எளிமையை எப்படி மதிப்பிடுவது?

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலையில், 2024 ஆகஸ்ட் 23ஆம் தேதி நடைபாதை திடீரென உள்வாங்கி, இந்தியாவிலிருந்து வந்திருந்த சுற்றுப்பயணி ஒருவர் குழிக்குள் விழுந்து மறைந்த செய்தியை மலேசியத் தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தேடும் பணி ஒன்பது நாள் நடந்தது. நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய்க்குள் முக்குளிப்பு வீரர்கள் இறங்கித் தேடினார்கள். தேடுபவர்களின் உயிருக்கே ஆபத்து என்ற நிலையில் பணி நிறுத்தப்பட்டது. நச்சுக் காற்றும் நீரோட்டமும் இடிபாடும் உள்ள இத்தகைய இடங்களுக்குள் மனிதரை அனுப்பத் தயங்கும்போது, கேமரா பொருத்திய நகரும் ரோபோ ஒன்றை அனுப்ப முடியுமா என்ற கேள்வி எழுவது இயல்பு. குழாய் ஆய்வு, இடிபாடுகளில் தேடல், அணு உலைச் சீரமைப்பு, வெடிகுண்டு அகற்றல் ஆகிய பணிகளில் இவ்வகை ரோபோக்கள் உலகின் பல நாடுகளில் ஆண்டுக்கணக்காகப் பயன்பட்டு வருகின்றன.

அவற்றில் பெரும்பாலானவை தாமாக முடிவெடுத்து ஓடுவதில்லை. பாதுகாப்பான இடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், திரையில் தெரியும் படத்தைப் பார்த்தபடி அவற்றை ஓட்டுகிறார். இதுவே தொலை இயக்கம். அவருக்கும் ரோபோவுக்கும் நடுவில் இருக்கும் திரை, பொத்தான்கள், ஜாய்ஸ்டிக், எச்சரிக்கை ஒலி ஆகிய அனைத்தும் சேர்ந்ததை இடைமுகம் என்கிறோம். மோட்டாரும் சக்கரமும் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், ஓட்டுபவருக்குத் தம்முடைய ரோபோ எங்கே நிற்கிறது என்பதே பிடிபடவில்லையென்றால், அது குழாயின் வளைவில் சிக்கிக்கொள்ளும். அதை மீட்க மறுபடியும் மனிதர்தான் இறங்க வேண்டியிருக்கும். அந்த இடைமுகத்தின் பயன்பாட்டு எளிமையை எப்படிச் சோதித்து அறிவது என்பதை, இத்துறைக்குப் புதியவர்களுக்காக இங்கே விளக்குகிறேன். பினாங்கில் மாணவர்களுக்கும் இளம் பொறியாளர்களுக்கும் இதைக் கற்றுக்கொடுத்து வருபவன் என்பதால், அவர்கள் வழக்கமாகத் தடுமாறும் இடங்களில் சற்று நின்று பேசுவேன்.

பயன்பாட்டு எளிமை என்றதும் பளிச்சென்ற திரையும் பெரிய பொத்தான்களும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. ஐஎஸ்ஓ 9241-11 என்ற அனைத்துலகத் தரநிலை இதற்குத் தெளிவான வரையறை ஒன்றைத் தருகிறது. 1998இல் வெளிவந்து 2018இல் திருத்தப்பட்ட அந்தத் தரநிலையின்படி, குறிப்பிட்ட பயனர்கள், குறிப்பிட்ட நோக்கங்களை, குறிப்பிட்ட சூழலில் எந்த அளவுக்குச் சரியாகவும், எவ்வளவு குறைந்த செலவிலும் உழைப்பிலும், எவ்வளவு மனநிறைவோடும் நிறைவேற்றுகிறார்கள் என்பதே பயன்பாட்டு எளிமை. இதில் மூன்று முறை வரும் ‘குறிப்பிட்ட’ என்ற சொல்லைத்தான் புதியவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். ‘இந்த இடைமுகம் நல்லதா?’ என்று பொதுவாகக் கேட்டால் அதற்கு விடையே கிடையாது. ‘ஒரு நாள் மட்டும் பயிற்சி பெற்ற பராமரிப்புப் பணியாளர், வெளிச்சமில்லாத வடிகாலுக்குள் இந்த ரோபோவை ஓட்டிச் சென்று, சுவரில் உள்ள விரிசலைக் கண்டுபிடித்து, அதன் இடத்தைக் குறித்துக்கொண்டு, எதிலும் மோதாமல் திரும்பி வருவாரா?’ என்று கேட்டால் அதைச் சோதித்துப் பார்க்கலாம். மதிப்பீட்டு வேலையின் பாதி, கேள்வியை இந்த வடிவத்துக்குக் கொண்டு வருவதிலேயே முடிந்துவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து.

கைப்பேசிச் செயலியைச் சோதிப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று மாணவர்கள் கேட்பதுண்டு. செயலியில், பயனர் அறிய வேண்டிய எல்லாமே திரைக்குள் இருக்கின்றன. ரோபோவை ஓட்டுபவருக்கோ, அறிய வேண்டியவற்றில் பெரும்பகுதி திரைக்கு வெளியே இருக்கிறது. சாவித் துவாரத்தில் கண்ணை வைத்து அறையைப் பார்ப்பது போல, கேமராவின் குறுகிய பார்வைப் பரப்புக்குள் விழுவது மட்டுமே அவருக்குத் தெரியும். பக்கவாட்டில் உள்ள படி, பின்னால் இழுபடும் கேபிள், சக்கரத்தின் அடியில் கிடக்கும் கல் எதுவும் படத்தில் வராது. ரோபோவின் கேமரா தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருப்பதால், நாம் நின்று பார்க்கும்போது அகலமாகத் தெரியும் இடைவெளி அங்கே வேறு விதமாகத் தெரியும். மணலின் சறுக்கலையும் சரிவின் சாய்வையும் உடலால் உணரும் வாய்ப்பும் அவருக்கு இல்லை.

இதனுடன் தாமதமும் சேர்ந்துகொள்கிறது. ஜாய்ஸ்டிக்கைத் தள்ளிய கணத்துக்கும், ரோபோ நகர்ந்தது திரையில் தெரியும் கணத்துக்கும் இடையே எப்போதும் சிறிது நேரம் கழிகிறது. 1970 நவம்பரில் நிலவில் இறங்கிய சோவியத் ஒன்றியத்தின் லூனகோட் 1 ஊர்தியைப் பூமியிலிருந்து ஐவர் குழு ஒன்று ஓட்டியது. நிலவுக்குச் சென்று திரும்ப வானொலி அலைக்கு ஏறத்தாழ இரண்டரை வினாடி ஆகும். படமோ அதைவிட மெதுவாக, ஒவ்வொரு நிலைப்படமாக வந்தது. அதற்கு முன்பே, 1960களில், அமெரிக்காவில் தாமஸ் ஷெரிடனும் வில்லியம் ஃபெரலும் செய்த சோதனைகள் ஒன்றைக் காட்டியிருந்தன: தாமதம் இருக்கும்போது மனிதர்கள் தாமாகவே சிறிது நகர்த்தி, நிறுத்தி, விளைவு தெரியும் வரை காத்திருந்து, மீண்டும் நகர்த்தும் முறைக்கு மாறிவிடுகிறார்கள். வினாடிக் கணக்கில் தாமதம் இருந்தால்தான் சிக்கல் என்று எண்ணிவிட வேண்டாம். 1993இல் ஸ்காட் மெக்கென்சியும் காலின் வேரும், கணினித் திரையில் இலக்கைச் சுட்டும் எளிய பணியில் 225 மில்லி வினாடித் தாமதத்தைப் புகுத்தியபோது, பணிக்கு ஆன நேரம் 64 விழுக்காடும் பிழைகள் 214 விழுக்காடும் கூடின. கால் வினாடிக்கும் குறைவான தாமதம் அது. நாம் வீட்டு வைஃபையில் கேமராப் படத்தை அனுப்பும்போது சர்வ சாதாரணமாக அதைத் தாண்டிவிடுகிறோம்.

ஆகவே எந்தச் சோதனையைத் தொடங்கும் முன்பும் தாமதத்தை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒரு கைப்பேசியில் நூறில் ஒரு பங்கு வினாடி வரை காட்டும் நிறுத்தற்கடிகாரத்தை ஓடவிட்டு, அதை ரோபோவின் கேமராவுக்கு முன்னால் வைக்க வேண்டும். ரோபோ அனுப்பும் படம் ஓட்டுபவரின் திரையில் தெரியும். இப்போது அந்தக் கைப்பேசியும் திரையும் ஒரே படத்துக்குள் வருமாறு இன்னொரு கைப்பேசியால் படம் பிடித்தால், இரண்டு கடிகாரங்களும் காட்டும் நேரங்களுக்கு இடையிலான வேறுபாடுதான் படத்தின் தாமதம். ஒரு படத்தோடு நிறுத்தாமல் பல படங்கள் எடுத்துப் பார்த்தால், தாமதம் நிலையாக இருக்கிறதா, கூடிக் குறைகிறதா என்பதும் தெரிந்துவிடும். கூடிக் குறையும் தாமதம் நிலையான தாமதத்தைவிடத் தொல்லை தருவது, ஏனெனில் கை அதற்குப் பழகவே முடியாது.

ரோபோவின் உடல் நிலையை மறந்துவிடுவது மற்றொரு சிக்கல். மீட்பு ரோபோப் போட்டிகளை ஆராய்ந்த ஹாலி யாங்கோ, ஜில் டுரூரி, ஜீன் ஷோல்ட்ஸ் ஆகியோர், கேமராவைப் பக்கவாட்டில் திருப்பிச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அதை நேராக்க மறந்து, நேரே பார்ப்பதாகவே எண்ணி ரோபோவை ஓட்டி மோதியவரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். இது கவனக்குறைவு என்று ஓட்டியவர் மேல் பழியைப் போட்டுவிடுவது எளிது. ஆனால் கேமரா எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைத் திரையில் ஒரு சிறு படமாகக் காட்டியிருந்தால் அந்த மோதல் நடந்தே இருக்காது. ஒருவர் தவறும்போது, அந்தத் தவறுக்கு இடம் கொடுத்தது திரையின் எந்தப் பகுதி என்று தேடுவதுதான் மதிப்பீடு செய்பவரின் வேலை.

ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பின் நடந்தவை இதற்கு இன்னும் கனமான சான்றுகள். 2011 ஏப்ரலில் அங்கே உள்ளே சென்ற பேக்பாட் ரோபோக்கள் இரண்டிரண்டாக அனுப்பப்பட்டன. ஒன்று கதவைத் திறக்க, மற்றொன்று அதைப் பின்னாலிருந்து பார்த்தது. தன் கேமராவில் தன்னையே பார்க்க முடியாத குறையைத் தீர்க்க இன்னொரு ரோபோவின் கண் தேவைப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில், ஜப்பானில் உருவாக்கப்பட்ட குயின்ஸ் என்ற ரோபோ, இரண்டாம் உலைக் கட்டடத்தில் பணி முடிந்து திரும்பும்போது அதன் தகவல் தொடர்புக் கேபிள் சிக்கிச் சேதமடைந்ததால் உள்ளேயே விடப்பட்டது. கதிர்வீச்சு மிகுந்த இடத்தில் சிக்கிய ரோபோவை யாரும் போய் எடுத்து வர முடியாது. கேபிள் வைத்த ரோபோவுக்கு இடைமுகம் அமைப்பவர்கள் எல்லாரும், பின்னால் இழுபடும் கேபிள் எங்கே எப்படிக் கிடக்கிறது என்பதை ஓட்டுபவர் எதைப் பார்த்து அறிவார் என்ற கேள்வியைத் தங்கள் சோதனைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மேலே சொன்ன சிக்கல்கள் எல்லாம் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. தாம் இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்பது ஓட்டுபவரின் மனத்தில் எவ்வளவு சரியாகப் பதிந்திருக்கிறது என்பதே அது. ஆய்வாளர்கள் இதைச் சூழலுணர்வு என்பார்கள். மிகா எண்ட்ஸ்லி இதை மூன்று நிலைகளாகப் பிரித்தார்: சுற்றிலும் இருப்பவற்றைக் கவனிப்பது, அவற்றின் பொருளைப் புரிந்துகொள்வது, அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே அறிவது. மின்கலம் 30 விழுக்காடு என்று திரையில் பார்ப்பது முதல் நிலை. வந்த தூரத்துக்கு எவ்வளவு செலவானது என்பதோடு அதைச் சேர்த்துப் புரிந்துகொள்வது இரண்டாம் நிலை. இன்னும் ஐந்து நிமிடம் உள்ளே போனால் திரும்பி வர மின்சாரம் போதாது என்று உணர்வது மூன்றாம் நிலை. முதல் நிலைக்கு மட்டும் உதவிவிட்டு, மற்ற இரண்டையும் ஓட்டுபவரின் தலையில் சுமத்தும் இடைமுகங்களே அதிகம். தொலைவிலிருந்து ரோபோவை இயக்கும் திரை ஒன்றை மதிப்பிடுவது என்றால், முதன்மையாக இந்தச் சூழலுணர்வை மதிப்பிடுவதுதான். வேகமும் அழகும் அதற்குப் பின்னால்தான் வர வேண்டும்.

மதிப்பீட்டின் முதல் சுற்றுக்கு வெளியாட்கள் தேவையில்லை. ஜேக்கப் நீல்சனும் ரோல்ஃப் மோலிக்கும் 1990இல் அறிமுகப்படுத்திய முறையில், இடைமுக வடிவமைப்பு தெரிந்த சிலர் தனித்தனியே உட்கார்ந்து, பொதுவான சில விதிகளை வைத்துக்கொண்டு திரையை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்து குறைகளை எழுதுவார்கள். அந்த விதிகளில் ஒன்று, கருவி இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்பது பயனருக்கு எப்போதும் தெரிய வேண்டும் என்பது. ரோபோத் திரைக்கு இந்த ஒரு விதியை மட்டும் பொருத்திப் பார்த்தாலே பல குறைகள் வெளிவரும். எடுத்துக்காட்டாக, இணைப்பு அறுந்து படம் உறைந்துவிட்டால் திரை என்ன காட்டுகிறது? பல இடைமுகங்களில் கடைசியாக வந்த படம் அப்படியே நிற்கும். ஓட்டுபவர், ரோபோ நின்றுவிட்டது என்று நினைத்து ஜாய்ஸ்டிக்கை இன்னும் அழுத்தித் தள்ளுவார். ரோபோவோ இதற்கு முன் வந்த ஆணையின்படி ஓடிக்கொண்டிருக்கலாம். படம் எவ்வளவு பழையது என்பதைத் திரை சொல்ல வேண்டும்; புதிய ஆணை வருவது நின்றால் ரோபோ தானாக நிற்க வேண்டும். வலையமைப்பை வேண்டுமென்றே துண்டித்துப் பார்க்காத எந்த ஆய்வையும் முழுமையானது என்று நான் ஏற்பதில்லை.

அதன் பிறகுதான் உண்மையான பயனர்களை அழைக்க வேண்டும். யாரை அழைப்பது என்பதில் நம் மாணவர்கள் வழக்கமாக வழுக்கிவிடுகிறார்கள். வகுப்புத் தோழர்களையும், ரோபோவைச் செய்த குழுவினரையும் அழைத்துவிடுகிறார்கள். செய்தவர்களுக்கு ரோபோவின் நீள அகலம் மனப்பாடம். திரை மோசமாக இருந்தாலும் அவர்கள் சமாளித்துவிடுவார்கள். நாளை இதை யார் ஓட்டப்போகிறார்களோ அவர்களைப் போன்றவர்கள்தான் வேண்டும். பினாங்கில் இதற்கு வழியில்லாமல் இல்லை. 1972 முதல் பாயான் லெப்பாஸ் தொழில்பேட்டை இருக்கும் ஊர் இது. இயந்திரம் ஓட்டிப் பழகிய, ஆனால் ரோபோவைத் தொட்டிராத தொழில்நுட்பர்கள் நம் குடும்பங்களிலேயே இருக்கிறார்கள்.

எத்தனை பேர் வேண்டும் என்பதற்கு ‘ஐந்து பேர் போதும்’ என்ற விடை பரவலாகச் சொல்லப்படுகிறது. நீல்சனும் தாமஸ் லேண்டவரும் 1993இல் முன்வைத்த கணக்கிலிருந்து வந்தது அது. ஒரு பயனரைச் சோதித்தால் மொத்தக் குறைகளில் சராசரியாக 31 விழுக்காடு வெளிப்படும் என்று கொண்டால், ஐந்து பேரில் ஏறத்தாழ 85 விழுக்காடு வெளிப்பட்டுவிடும். குறைகளைக் கண்டுபிடித்துத் திருத்துவதற்கு இது நல்ல வழிகாட்டி. ஆனால் இரண்டு இடைமுகங்களில் எது சிறந்தது என்று எண்களால் நிறுவுவதற்கு ஐந்து பேர் போதவே மாட்டார்கள். இவ்விரண்டு நோக்கங்களையும் குழப்பிக்கொண்டு, ஐந்து பேரின் சராசரி நேரத்தை வைத்து ‘எங்கள் இடைமுகம் இத்தனை விழுக்காடு சிறந்தது’ என்று எழுதும் அறிக்கைகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது, ஏனெனில் அந்த ஐந்து பேரும் செய்து காட்டிய விலைமதிப்பற்ற தடுமாற்றங்கள் அந்தச் சராசரிக்குள் காணாமல் போய்விடுகின்றன.

ஓட்டப் பாதையை அமைப்பதற்கு அமெரிக்காவின் தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்பக் கழகம் வகுத்துள்ள முறைகள் நல்ல முன்மாதிரி. மீட்பு ரோபோக்களுக்காக அவர்கள் மரச்சட்டங்களாலும் பலகைகளாலும் சரிவுகள், குறுகிய வழிகள், சிக்கலான அறைகள் ஆகியவற்றை எவரும் திரும்பச் செய்யக்கூடிய அளவுகளில் அமைக்கிறார்கள். கண் மருத்துவர் அறையில் இருப்பதைப் போன்ற எழுத்து அட்டைகளைச் சுவரில் ஒட்டி, கேமரா வழியே ஓட்டுபவரால் எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க முடிகிறது என்று அளக்கிறார்கள். பள்ளி மண்டபத்தில் நாற்காலிகளும் அட்டைப் பெட்டிகளும் கொண்டு இதன் சிறு வடிவத்தை அமைத்துவிடலாம். தரையில் ஒட்டுநாடாவால் குறியிட்டு, ஒவ்வொரு பொருளின் இடத்தையும் அளந்து எழுதிவைத்தால், ஒருவர் மோதிக் கலைத்த பாதையை அடுத்தவருக்கு அப்படியே மீண்டும் அமைக்க முடியும். ஓட்டுபவர் பாதையை நேரில் பார்த்துவிடாதபடி அவரை வேறு அறையில் உட்கார வைப்பது மிக முக்கியம். திறந்த கதவு வழியே ரோபோவின் மோட்டார் ஒலி கேட்டால்கூட, திரை தராத தகவல் அவருக்குக் கிடைத்துவிடுகிறது.

சூழல் என்று தரநிலை சொல்வதில் நம் நாட்டு வானிலையும் அடங்கும். மாலை மழை தகரக் கூரையில் கொட்டும்போது, இடைமுகம் எழுப்பும் எச்சரிக்கை ஒலி கேட்கிறதா? நண்பகல் வெயிலில் டேப்லெட்டின் திரை தெரிகிறதா? வியர்வையில் நனைந்த விரலோ, கையுறை அணிந்த விரலோ தொடுதிரையில் சரியாக வேலை செய்கிறதா? குளிரூட்டிய அறையில் காலை பத்து மணிக்கு மட்டும் சோதித்த இடைமுகத்தைப் பற்றி இவற்றில் எதையும் சொல்ல முடியாது. களைப்பும் அப்படித்தான். 2001 செப்டம்பரில் நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் இடிபாடுகளில் ராபின் மர்ஃபியும் சக ஆய்வாளர்களும் ரோபோக்களை இயக்கியபோது, தூக்கமின்மையும் மனக்களைப்பும் இயக்குபவர்களை வெகுவாகப் பாதித்ததை அவர்கள் பின்னர் பதிவு செய்தார்கள்.

சோதனை தொடங்கும் முன், கலந்துகொள்பவரிடம் ‘சோதிக்கப்படுவது திரைதான், நீங்கள் இல்லை’ என்பதைத் தெளிவாகச் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் என்றால் பெற்றோரின் ஒப்புதலும் வேண்டும். பிறகு எல்லாருக்கும் ஒரே அளவு பயிற்சி. ஓட்டும்போது மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னால், எங்கே குழம்புகிறார் என்பது உடனுக்குடன் தெரியும். ஆனால் பேசிக்கொண்டே ஓட்டுவது வேகத்தைக் குறைக்கும் என்பதால், நேரத்தை அளக்கும் சுற்றில் அதைத் தவிர்த்துவிட வேண்டும். பணி நிறைவேறியதா, எவ்வளவு நேரம் ஆனது, எத்தனை மோதல், எத்தனை முறை நின்று தயங்கினார், தேட வேண்டியவற்றில் எத்தனையைத் தவறவிட்டார் என்பனவற்றை ஒருவர் திரையைப் பார்த்தும் இன்னொருவர் ரோபோவைப் பார்த்தும் குறித்துக்கொள்வது நல்லது. இரண்டு ஒளிப்பதிவுகளையும் பின்னர் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பார்க்கும்போதுதான், ஓட்டுபவர் நினைத்ததற்கும் நடந்ததற்கும் இடையே இருந்த இடைவெளி தெரிகிறது.

அந்த இடைவெளியை நேரடியாகவே அளக்கும் முறை ஒன்றை எண்ட்ஸ்லி 1988இல், போர் விமானிகளுக்கான பாவனைச் சோதனைகளுக்காக உருவாக்கினார். எதிர்பாராத நேரத்தில் பணியை நிறுத்தி, திரையை மறைத்துவிட்டு, சூழலைப் பற்றிய சில கேள்விகளைக் கேட்பதே அந்த முறை. பினாங்கில் நாங்கள் இதைச் செய்தபோது நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் நீண்ட காலம் இயந்திரம் இயக்கி ஓய்வு பெற்ற ஒருவர் ஓட்டிக்கொண்டிருந்தார். கை நடுங்காமல், நிதானமாக, எல்லாரையும்விட வேகமாக ஓட்டினார். பாதி வழியில் ரோபோவை நிறுத்தித் திரையை அணைத்தோம். மாணவி ஒருத்தி கேட்டாள்.

“ஐயா, இப்போ ரோபோவுக்கு இடது பக்கம் என்ன இருக்கு?”

“சுவர்தான்மா. ஒரு முழம் தள்ளி இருக்கும்.”

“நீங்க உள்ளே வந்த கதவு எந்தப் பக்கம் இருக்குங்க ஐயா?”

அவர் கையை உயர்த்தி, சிறிது யோசித்து, “நேர் பின்னாடி” என்றார்.

அடுத்த அறையில் ரோபோவின் இடது சக்கரத்துக்கு நான்கு விரற்கடை தூரத்தில் மேசைக் கால் ஒன்று நின்றது. கதவோ பின்னால் இல்லை. இரண்டு திருப்பங்களுக்கு முன்பே வலது பக்கத்துக்குப் போய்விட்டிருந்தது. மோதல் எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் அந்த ஓட்டம் குறையில்லாதது. உண்மையில் இன்னும் ஒரு முறை இடது பக்கம் திருப்பியிருந்தால் ரோபோ சிக்கியிருக்கும். அந்தத் திரையில் வந்த வழியைக் காட்டும் வரைபடமோ, திசைகாட்டியோ, பக்கவாட்டுத் தூரத்தைக் காட்டும் குறியீடோ இல்லை. ஓட்டியவரின் திறமை அந்தக் குறையை மூடி மறைத்துக்கொண்டிருந்தது. திறமையானவர் ஓட்டும்போது நேரமும் மோதலும் நல்லபடியாகவே வரும் என்பதால், நிறுத்திக் கேட்கும் இந்த முறைக்கு ஈடாக வேறொன்றை நான் பரிந்துரைப்பதில்லை. ரோபோ சரிவில் நிற்கும்போதோ, நடுவழியில் நிறுத்தினால் ஆபத்து என்ற இடத்திலோ மட்டும் இதைச் செய்யக் கூடாது.

ஓட்டம் முடிந்ததும் வினாத்தாள். மனச்சுமையை அளக்க, நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் சாண்ட்ரா ஹார்ட்டும் லோவெல் ஸ்டேவ்லாண்டும் உருவாக்கி 1988இல் வெளியிட்ட டிஎல்எக்ஸ் அளவுகோல் உலகெங்கும் பயன்படுகிறது. மூளை உழைப்பு, உடல் உழைப்பு, நேர நெருக்கடி, தம் செயல்திறன் பற்றிய சொந்தக் கணிப்பு, முயற்சி, எரிச்சல் ஆகிய ஆறையும் ஓட்டியவரே கோட்டில் குறிப்பார். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பணியை முடித்திருக்கலாம். ஒருவர் அமைதியாகவும் மற்றவர் பல்லைக் கடித்துக்கொண்டும் முடித்திருந்தால், பத்து நிமிடப் பணி இரண்டு மணி நேரப் பணியாகும்போது யார் முதலில் தவறுவார் என்பதை இந்த அளவுகோல் முன்கூட்டியே காட்டும்.

மனநிறைவுக்கு ஜான் புரூக் 1986இல் உருவாக்கிய எஸ்யூஎஸ் வினாத்தாள் போதுமானது. பத்து வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். ஒற்றைப்படை வாக்கியங்கள் இடைமுகத்தைப் பாராட்டுபவை, இரட்டைப்படை வாக்கியங்கள் குறை கூறுபவை. ஒற்றைப்படை விடை ஒவ்வொன்றிலிருந்தும் 1ஐக் கழிக்க வேண்டும். இரட்டைப்படை விடை ஒவ்வொன்றையும் 5இலிருந்து கழிக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி 2.5ஆல் பெருக்க வேண்டும். ஒருவர் ஒற்றைப்படை வாக்கியங்களுக்கு 4, 4, 3, 4, 4 என்றும், இரட்டைப்படை வாக்கியங்களுக்கு 2, 2, 3, 1, 2 என்றும் தந்தால், முதல் தொகுதி 14, இரண்டாம் தொகுதி 15, மொத்தம் 29, பெருக்கினால் 72.5. இது 0 முதல் 100 வரையுள்ள அளவுகோலில் வரும் ஒரு மதிப்பெண்ணே தவிர விழுக்காடு அன்று. பல நூறு ஆய்வுகளின் தொகுப்பில் சராசரி 68 என்று கணக்கிடப்பட்டிருப்பதால், 72.5 சராசரிக்குச் சற்று மேல் என்று பொருள்.

வினாத்தாள்களை நம்பும்போது நம் பண்பாட்டையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் உழைத்துச் செய்ததைக் குறை சொல்ல நம் பெரியவர்களுக்கு மனம் வராது. ‘நல்லா இருக்கு தம்பி, நல்லா செஞ்சிருக்கீங்க’ என்று சொல்லி, பாராட்டும் வாக்கியங்களுக்கெல்லாம் 5உம் குறை கூறுபவற்றுக்கெல்லாம் 1உம் போட்டுவிடுவார்கள். மேலே சொன்ன பெரியவரும் அந்தத் திரைக்கு மிக உயர்ந்த மதிப்பெண்ணே தந்தார். ஆகவே இடைமுகத்தைச் செய்தவர் அந்த அறையில் இருக்கக் கூடாது. வினாத்தாளை வேறொருவர் கொடுத்து, பெயர் எழுதாமல் வாங்க வேண்டும். தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகியவற்றில் கலந்துகொள்பவருக்கு எது இயல்போ அந்த மொழியில் தர வேண்டும். ‘பிடித்திருந்ததா?’ என்பதைவிட ‘எந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருந்தது?’ என்ற கேள்விக்கு அவர்கள் தாராளமாக விடை சொல்வார்கள்.

இரண்டு இடைமுகங்களை ஒப்பிடுவதானால், ஒரே ஆள் இரண்டையும் ஓட்டும்படி அமைப்பதே சிறிய குழுக்களுக்கு ஏற்றது; ஆளுக்கு ஆள் உள்ள திறமை வேறுபாடு இதனால் பெரும்பாலும் விலகிவிடும். ஆனால் முதலில் ஓட்டியதில் கற்றுக்கொண்டது இரண்டாவதற்கு உதவும் என்பதால், பாதிப் பேர் முதல் இடைமுகத்திலும் பாதிப் பேர் இரண்டாவதிலும் தொடங்க வேண்டும். பாதையும் இரண்டாம் முறை இடம் வலமாக மாற்றி அமைக்கப்பட வேண்டும். கடினம் அதே அளவில் இருக்கும், மனப்பாடம் மட்டும் உதவாது. நேரத்தைப் பொறுத்தவரை ஒருவர் வெகுநேரம் சிக்கிக்கொண்டாலே சராசரி எகிறிவிடும் என்பதால், நடுமதிப்பை, அதாவது நேரங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதைச் சொல்வது நேர்மையானது. பணியை முடிக்காமல் கைவிட்டவர்களை நேரக் கணக்கிலிருந்து ஓசையின்றி நீக்கிவிடாமல், எத்தனை பேர் முடிக்கவில்லை என்பதையும் எந்த இடத்தில் கைவிட்டார்கள் என்பதையும் தனியே எழுத வேண்டும்.

அறிக்கையில் தாமதம் எவ்வளவு, கேமராவின் பார்வைக் கோணம் என்ன, பயிற்சி எவ்வளவு நேரம், ஓட்டியவர்களின் அனுபவம் என்ன, ஒளி எப்படி இருந்தது, பாதையின் அளவுகள் என்ன என்பவை இல்லையென்றால் அதிலுள்ள எண்களை வேறு எவரும் பயன்படுத்த முடியாது. கண்டுபிடித்த குறைகளை, ரோபோவையே இழக்க வைக்கக்கூடியவை முதலில், வெறும் எரிச்சல் தருபவை கடைசியில் என்ற வரிசையில் எழுதினால், குறைந்த நேரமும் பணமும் உள்ள குழுவுக்கு எதை முதலில் திருத்துவது என்பது தெளிவாகும். திருத்திய பிறகு அதே பாதையில், அதே கேள்விகளோடு மீண்டும் சோதிக்க வேண்டும். முன்பு ஓட்டியவர்களுக்கு இப்போது பாதையும் ரோபோவும் பழகிவிட்டன என்பதால், இந்தச் சுற்றுக்குப் புதியவர்களையே அழைக்க வேண்டும்.